முதலில் அளந்து பார்க்கச் சொன்ன மாமாவுக்கு

சிலிம் ரிவர், பேராக்
தைப்பூசம் முடிந்த வாரம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நேரில் நன்றி சொன்னால் "அட, போம்மா" என்று மோட்டாரை முடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். பணம் கொடுத்தால் வாசலில் விளையாடும் பிள்ளைகள் கையில் திணித்துவிட்டுப் போகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். எழுதிவிட்டதைத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டத்திலிருந்து கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிரிந்துபோன குடும்பங்களின் அலமாரிகளிலும் பழைய வீடியோ டேப்புகள் கிடக்கும். மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து நிற்கும். இரண்டையும் தூக்கிப் போடலாமா என்று யோசிக்கிற யாராவது இதைப் படித்தால், இன்னும் ஒரு மாதம் பொறுக்கட்டும் என்று நினைக்கிறேன்.

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு எங்கள் கூடத்தில் பதினாறு பேர். அக்கா மகன் தன் நண்பன் கல்யாணத்தைக் கைப்பேசியில் எடுத்திருந்தான். அதை டிவியில் போட்டோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், படம் நிற்கிறது. வட்டம் சுற்றுகிறது. நாலு விநாடி ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து மத்தாப்புக் கொளுத்தப் போய்விட்டார்கள். கடைசியில் அம்மா மட்டும் நாற்காலியில் இருந்தார். "ரீலு அறுந்துபோச்சா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு அது இயல்பான கேள்வி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், ரீல் அறுந்தால் ஒட்டிச் சேர்க்கும்வரை திடலே காத்திருக்குமாம். பாயை விட்டு எழுந்தால் இடம் போய்விடும் என்று ஒருவரும் நகர மாட்டார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் டிவிக்குப் படம் அனுப்பும் எங்கள் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது கல்யாண வீடியோ மட்டும் இல்லை. இரண்டு முறை நின்று போனால் மூன்றாம் முறை யாரும் எதையும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பயத்தில்தான் மூவாயிரம் வெள்ளியை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன். எந்தப் புது மெஷினை வாங்கலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன், மாமா. பழையதைச் சரி செய்யச் சொல்லி அல்ல.

அந்தப் பெட்டியைப் பற்றி மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எச்.பி. மைக்ரோசர்வர், எட்டாம் தலைமுறை, 2013-இல் வந்த மாடல். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஏறக்குறைய ஒரு சாண். முன்கதவைத் திறந்தால் நான்கு ஹார்டு டிஸ்க்குக்கு இடம். உள்ளே இரண்டு கோர் கொண்ட செலரான் ஜி1610டி புராசசர். சின்ன அலுவலகங்கள் கோப்புகளைச் சேர்த்து வைக்கவென்று செய்தது. அண்ணன் வேலை செய்த இடத்தில் கழித்துக் கட்டியதை 2019-இல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எங்கள் படங்களையெல்லாம் டிவியிலும் கைப்பேசியிலும் பார்க்கும்படி செய்து வைத்திருந்தோம்.

அதற்குள் இருப்பவை இருபத்து மூன்று டேப்புகள். சின்ன மாமா 1980களின் கடைசியிலிருந்து தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறும்வரை எடுத்தவை. மாரியம்மன் திருவிழா, தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி, லயத்துக் கல்யாணங்கள், ஒரு சாவு வீடு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் ஒரு பெரட்டு. நம் ஊரின் ஈரக்காற்றில் டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. கடைசிவரை வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் ஒன்றை நீங்கள்தான் பத்திரமாக வைத்திருந்தீர்கள். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது. 57 மணி நேரம் ஓடியது. ஒரு மணிக்கு மூன்றரை ஜிபிக்குச் சற்று மேல், மொத்தம் 200 ஜிபி சொச்சம். அந்த வேலைக்கும் உங்களுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

சிலிம் ரிவர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1942 ஜனவரி 7 தான். துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன் பாய்ந்து வந்து, சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்த போர். அதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன. அதே சாலையோரம் அம்மா முப்பத்து நாலு வருடம் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினார். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இந்த இருபத்து மூன்று டேப்பில்தான் இருக்கிறது. படம் நிற்காமல் ஓட வேண்டும் என்று நான் அவ்வளவு தவித்ததற்குக் காரணம் அதுதான், மாமா. அன்றைக்கு உங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் வந்த சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் பெட்டியைத் தொடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து அந்த நீலக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டீர்கள். "ஆலையில உருளை மெதுவா ஓடுதுன்னா எஞ்சினைத் திட்டக்கூடாதும்மா. முதல்ல பெல்ட்டைப் பாரு, அப்புறம் புல்லியைப் பாரு. எஞ்சினுக்குக் கடைசியா வா" என்றீர்கள். முப்பது வருடம் ரப்பர் ஆலையில் சார்ஜ்மேனாக இருந்தவர் சொன்னதால், நான் மூவாயிரம் வெள்ளியைப் பேசாமல் உள்ளே வைத்தேன்.

பெல்ட் என்றால் கேபிள். பெட்டிக்கும் என் லேப்டாப்புக்கும் இடையே அளந்தீர்கள். விநாடிக்கு 94 மெகாபிட் என்று காட்டியது. "நல்லா இருந்தா 940 காட்டணும். நூறுக்குள்ள நிக்குதுன்னா கம்பி போயிருக்கு" என்று உடனே சொன்னீர்கள். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. பிறகுதான் விளக்கினீர்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். நூறு மெகாபிட்டுக்கு நாலு போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒன்று அறுந்தால் நெட்வொர்க் செத்துப்போகாது, சத்தமில்லாமல் பழைய வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் இத்தனை நாள் எங்களுக்குத் தெரியவில்லை. கூரைக்கு மேல் ஏறிப் பார்த்தால் எலி கடித்த இடம் பளிச்சென்று தெரிந்தது. பன்னிரண்டு வெள்ளிக் கேபிள். மாற்றியதும் 941.

படம் அப்போதும் நின்றது. எனக்கு ஏமாற்றம். நீங்கள் மட்டும் "சரி, பெல்ட் இல்ல" என்று புத்தகத்தில் ஒரு கோடு அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்கள். அந்தப் பொறுமையை நான் எத்தனையோ பேரிடம் தேடியிருக்கிறேன். டிஸ்க்குகளைப் பார்த்தீர்கள். மூன்றாவது டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதைக் கண்டு அதைத் தனியாக எழுதி வைத்தீர்கள். இந்தத் தடங்கலுக்கு அது காரணம் இல்லை, ஆனால் இன்னும் ஆறு மாதத்தில் திருவிழா டேப்புகளை அது கொண்டுபோயிருக்கும். பிறகுதான் படத்தை ஓடவிட்டு, புராசசர் என்ன செய்கிறது என்று பார்த்தீர்கள். இரண்டு கோரும் நூறு சதவிகிதத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

அதற்கு நீங்கள் சொன்ன விளக்கத்தை இன்றுவரை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். "பெரட்டுல துரை இங்கிலீஷ்ல பேசுவார். கிராணி அதைத் தமிழ்ல சொல்லுவார். சனம் கேக்கும். துரை வேகமாப் பேசி, கிராணி மெதுவானவரா இருந்தா என்ன ஆகும்? சனம் நிக்கும். இந்தப் பெட்டிதாம்மா கிராணி." கைப்பேசி எடுத்த வீடியோ 2013-இல் வந்த எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டது. கூடத்து டிவிக்குப் பின்னால் செருகியிருந்த பழைய ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு 2003-இல் வந்த எச்.264 மட்டும்தான் தெரியும். அதனால் சர்வர் ஒவ்வொரு படச்சட்டத்தையும் பிரித்து, மறுபடி வேறு முறையில் கட்டி, அந்த நொடியிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. டிரான்ஸ்கோடிங் என்று அதற்குப் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கிராணிதான் மனத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மொழி தெரிந்தால் கிராணியே வேண்டாம், கடிதத்தை அப்படியே கையில் கொடுத்துவிடலாம். பெட்டி பழையதானதால் வந்த குறை இல்லை அது. கோப்பு காக்கிறவனை மொழிபெயர்க்க உட்கார வைத்தது நாங்கள்.

அப்படியென்றால் டிவிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "இந்த வீட்டுக்குப் போதும். உங்க அண்ணன் வீட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்டீர்கள். கைப்பேசியில் மிக உயர்ந்த தரத்தில் எடுத்த வீடியோ நிமிடத்துக்கு 400 எம்பி வரும். அதாவது விநாடிக்கு 53 மெகாபிட். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற இணைய வேகம் அதைவிடக் குறைவு. ஜொகூரில் இருக்கும் அண்ணன் பார்க்க வேண்டுமென்றால் இங்கேயே சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். ஆகவே கிராணியை வீட்டுக்கு அனுப்ப முடியாது, அவருக்கு ஓர் உதவியாள்தான் வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் காசில்லாத வேலையைச் செய்ய வைத்தீர்கள். யாரும் பார்க்காத இரவில், கைப்பேசி வீடியோக்களை ஒவ்வொன்றாக டிவிக்குத் தெரிந்த முறைக்கு மாற்றி வைக்கச் சொன்னீர்கள். மறுநாள் பேச வேண்டியதை முந்தின இரவே கிராணி எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி. ஒரு மணி நேர வீடியோவுக்கு அந்தச் செலரான் ஏழு மணி நேரம் எடுத்தது. பதினோரு இரவு. வேலைக்குப் போகுமுன் எழுந்து எத்தனை முடிந்தது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூலக் கோப்பை அழிக்காதே, மாற்றியது வெறும் பிரதி என்று மூன்று தடவை சொன்னீர்கள். அழிக்கவில்லை, மாமா.

பிறகு வாங்கினோம். நான்கு கோர் உள்ள ஜியான் புராசசர் ஒன்று பழைய சாமான் விற்கிறவரிடம் இருந்தது. இந்தப் பெட்டியில் புராசசரைக் கழற்றி மாற்றலாம் என்று படித்ததும் எனக்கு ஆசை. நீங்கள் தடுத்தீர்கள். இந்தப் போர்டில் புராசசருக்குள் இருக்கும் படப்பகுதி எதற்கும் இணைக்கப்படவில்லை, திரைக்குப் போவதெல்லாம் தனியாக உள்ள ஒரு மேட்ராக்ஸ் சில்லு வழியாகத்தான், எந்தப் புராசசரைப் போட்டாலும் படத்தை மாற்றித் தரும் வசதி இங்கே வராது என்று காட்டினீர்கள். ஜியான் போட்டால் கொஞ்சம் வேகமான கிராணி கிடைப்பார், சூடும் கூடும். அதற்குப் பதில், மொழிபெயர்ப்பைத் தானே செய்துவிடும் என்விடியா குவாட்ரோ பி400 என்ற சின்ன கார்டு. 2017-இல் வந்தது, பாதி உயரம், 30 வாட்டுக்கு மேல் இழுக்காது, தனியாக மின்கம்பி வேண்டாம். 150 வாட் மின்பகுதி உள்ள பெட்டிக்கு அதுதான் அடக்கம் என்றீர்கள். பழைய கார்டுதான். அதோடு ரேமை 4 ஜிபியிலிருந்து 16-க்கு ஏற்றினோம், இந்தப் பெட்டி அதற்கு மேல் ஏற்காது. நோய் பிடித்த டிஸ்க்குக்குப் பதில் ஒன்று. பட்டியலும் சிறுபடங்களும் சட்டென்று திறக்க ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்தும் எடுத்து வைத்த மூவாயிரத்தில் கால் பங்குகூடச் செலவாகவில்லை.

கார்டு போட்ட அன்று மாலையை எழுதாமல் விடமாட்டேன். சாப்பாட்டு மேசையில் பழைய *மக்கள் ஓசை* தாளை விரித்து, பெட்டியின் மூடியைக் கழற்றினீர்கள். மின்விசிறிக்குப் பின்னால், தூசிக்குள், இரண்டு பல்லி முட்டைகள். வெள்ளையாக, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. நான் துணியால் துடைக்கப் போனேன். "இரு" என்றீர்கள். ரேம் வந்த பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து, அதால் மெல்ல நெம்பி இரண்டையும் எடுத்து, வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி ஓரம் வைத்துவிட்டு வந்தீர்கள். பிறகு கையைக் கழுவி, உடம்பில் இருக்கும் மின்சாரம் போக இரும்பைத் தொட்டு, போர்டை அதன் தட்டோடு இழுத்து, கார்டின் நீளப் பட்டையைக் கழற்றிக் குட்டைப் பட்டையை மாட்டி, அந்த ஒரே ஸ்லாட்டில் அழுத்தினீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அம்மா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அதே கல்யாண வீடியோவை அண்ணன் ஜொகூரில் தன் கைப்பேசியில் போட்டார். இங்கே செலரான் பத்து சதவிகிதத்தைத் தாண்டவில்லை. தாலி கட்டி முடிந்து, அட்சதை விழுந்து, பந்தி வரை ஓடியது.

தமிழ் எழுத்து விஷயத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா மகள் ஒருத்தி, அம்மா டேப்பில் பேசுவதையெல்லாம் தமிழிலும் மலாயிலும் சப்டைட்டிலாக எழுதி வருகிறாள். தோட்டத்துப் பேச்சு அவள் தம்பிகளுக்கே பாதி புரிவதில்லை. கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் தட்டுகிறாள். 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிய நம் முத்து நெடுமாறனின் வேலை அது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். டிவியில் போட்டால் மலாய் சரியாக வந்தது, தமிழ் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அவள் முகம் வாடிப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு எழுத்தை வரையத் தெரியாததால் சர்வரே எழுத்தைப் படத்தின் மேல் வரைந்து அனுப்புகிறது, சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டதும் கட்டங்கள் மறைந்தன. "கொம்பு சரியா இருக்கா பாரு" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனீர்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் அதனதன் இடத்தில் நின்றன. எழுத்துகளை இப்படி அடுக்கித் தருகிற மென்பொருளின் பெயர் ஹார்ஃப்பஸ். அது பாரசீகச் சொல். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோட் என்பவர் முன்னின்று எழுதியது. சிலிம் ரிவரில் என் அம்மா பேசிய 'கொழுந்து' என்ற சொல்லின் கொம்பை அவர் கைதான் சரியான இடத்தில் வைத்தது.

ஆகவே இந்த மடல் உங்களுக்கு மட்டுமல்ல, மாமா. 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கி, இன்றுவரை எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் செப்பனிட்டு வரும் எஃப்எஃப்எம்பெக் இல்லாவிட்டால் எங்கள் கிராணி வாயே திறந்திருக்க மாட்டார். தாங்கள் நம்பியிருந்த எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் தனியாகப் பிரிந்து ஜெல்லிஃபினைத் தொடங்கியவர்களுக்கும் இது சேரட்டும். தோட்டத்தில் பொது வேலை என்றால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வருவார்கள் என்று அம்மா சொல்வார். முகம் தெரியாத இவர்கள் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் தோட்டம் தெரியாது. ஆனாலும் வந்தார்கள்.

மின்னலுக்கு யு.பி.எஸ். வைத்ததையும், எர்த் கம்பியைச் சோதித்துத் தந்ததையும் குறிப்பிட்டுவிடுகிறேன். பட்டியலில் சேராமல் விட்டால் நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்கு உறுத்தும். பெட்டி முன்பு 38 வாட் இழுத்தது, இப்போது 44. மாதம் 32 யூனிட்டுக்குள் அடங்குகிறது. நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காப்பு ஆகாது, ஒரே லயத்தில் நாலு வீடு, தீப்பிடித்தால் நாலும் போகும் என்றீர்கள். டேப்புகளின் முழுப் பிரதி ஒன்று இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை உங்களிடம் நேரில் சொல்ல முடியாமல் போனது, ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

பழைய டேப்பில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு அரைப் படங்களாகப் பின்னப்பட்டது. புது டிவியில் அப்படியே போட்டால் அசைகிற எல்லாவற்றின் ஓரமும் சீப்புப் பல் மாதிரி கிழியும். நாங்கள் முதலில் மாற்றியபோது பாதி அரைப் படங்களைத் தூக்கி எறிந்திருந்தோம். கிழிசல் போனது, ஆனால் அசைவு தட்டித் தட்டி நடந்தது. நீங்கள் எதையும் எறியாமல் 50 அரைப் படங்களையும் 50 முழுப் படங்களாக ஆக்கும்படி செட்டிங்கை மாற்றி, மறுபடி ஓடவிட்டுப் போனீர்கள். மறுநாள் மாலை பதினேழாம் டேப்பைப் போட்டேன். விடிகாலை. சின்ன மாமா டார்ச் வெளிச்சத்தில் எடுத்தது. ஒரு பெண் மரத்தைச் சுற்றி வெட்டுகிறாள். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, பட்டை மெல்லிய நாடாவாகச் சுருண்டு விழுகிறது. முன்பு இதைப் பார்த்தபோது கை இங்கே இருக்கும், அடுத்து அங்கே இருக்கும். இப்போது கத்தி ஓடுவது தெரிந்தது. வெட்டி முடித்து, பால் பிடிக்கும் மங்கைத் திருப்பி வைத்து, வாளி தூக்கும் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றி அடுத்த மரத்துக்குப் போவது வரை ஒரே இழுப்பாகத் தெரிந்தது.

அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "பின்னாலே போ." போனேன். மூன்று தடவை அந்த வெட்டைப் பார்த்தார். "மரத்துல காயம் படல, பாரு" என்றார். பிறகு, "இது என் நிரைதான். அந்த வளைஞ்ச மரத்துக்கு அடுத்தது மாரியாயி நிரை" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். முகம் தெரியாத அந்தப் பெண் யார் என்று எங்களுக்கு இத்தனை வருடம் தெரியாது. முகம் இருட்டில் இருக்கிறது. அம்மா கையைப் பார்த்துத் தன்னைக் கண்டுபிடித்தார்.

பிள்ளைகள் அப்போது கூடத்தில்தான் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. பெரியவன் கேட்டான், "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை மரம்?" அம்மா சொல்ல ஆரம்பித்தார். அன்று பதினோரு மணிக்குத்தான் சாப்பிட்டோம்.

போன ஞாயிறு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு என்னை வரச் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் இரண்டு டிவியில் ஒரே நேரத்தில் போட்டால் படம் நிற்கிறதாம். மகன் புது மெஷின் வாங்கித் தரத் தயாராக இருந்தான். கடை விளம்பரத்தைக்கூடக் காட்டினான். நான் உங்கள் நீலப் புத்தகம் மாதிரி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். லேப்டாப்பைச் செருகி அளந்தேன்.

94, மாமா. அதற்கு மேல் எதையும் தொடவில்லை. சனிக்கிழமை கேபிளும் ஏணியும் கொண்டுபோகிறேன். உங்கள் கிரிம்பரை மட்டும் கொஞ்சம் கொடுத்து உதவுங்கள்.


பக்கத்து லயத்துப் பெண்